உறைபனிக்கு முன் பசுமைக்குடில்: வாசகர் கேள்வி – பதில்

ஊட்டி காந்தலில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் 10 அடிக்கு 20 அடி பாலித்தீன் குடில் இருக்கிறது. போன ஜனவரியில் இரவு முழுக்க எல்லாப் பக்கமும் இறுக்கி மூடியிருந்தும் தக்காளியும் குடைமிளகாயும் கருகிவிட்டன. மூடிய குடிலுக்குள் பனி எப்படிப் பிடித்தது? இந்த ஆண்டு என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, உதகமண்டலம்

சாதாரண பாலித்தீன் ஷீட் காற்றையும் மழையையும்தான் தடுக்கும். மண்ணும் செடியும் இரவில் வானத்தை நோக்கி வெளிவிடும் வெப்பக் கதிரைப் பெருமளவு வெளியே விட்டுவிடும். மேகமும் காற்றும் இல்லாத இரவில் இதன் விளைவு கடுமையாக இருக்கும். வெளியே லேசான காற்று அசைந்தாலும் மேலே உள்ள வெதுவெதுப்பான காற்று கீழே வந்து கலக்கும். மூடிய குடிலுக்குள் அதற்கும் வழியில்லை. அதனால் சில இரவுகளில் உள்ளே வெளியைவிட ஒரு டிகிரி குறைவாகக்கூட இருக்கும். காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் சரிவிலிருந்து இறங்கும் குளிர்காற்று வேறு வந்து தேங்கும்.

வேலையை அக்டோபரிலேயே தொடங்குங்கள். மேலே நிழல்வலை இருந்தால் கழற்றிவிடுங்கள். இரவுக்கு வேண்டிய சூடு பகல் வெயிலில்தான் கிடைக்கிறது. ஷீட்டில் படிந்த பாசியையும் தூசியையும் சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும் கொண்டு கழுவுங்கள். ஷீட்டைப் பிடித்திருக்கும் அலுமினியப் பட்டையில் ஜிக்ஜாக் ஸ்பிரிங் எங்கெங்கே விலகியிருக்கிறது என்று பாருங்கள். கிழிசலுக்கு வெயில் தாங்கும் பசுமைக்குடில் டேப்பை உள்ளும் வெளியும் ஒட்டுங்கள், செலோ டேப் சில வாரங்களில் உரிந்துவிடும். ஷீட்டின் அடிப்பகுதி மண்ணுக்குள் ஓரடி புதைந்திருக்க வேண்டும். கதவுக்கு அடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் குளிர்காற்று அந்த வழியாகத்தான் வரும். அங்கே ரப்பர் பட்டை அடியுங்கள்.

உங்கள் செடிகளைக் காப்பாற்றுவது பெரும்பாலும் உள்திரைதான். செடியின் உச்சிக்கு ஓரடி மேலே இரண்டு பக்கமும் கம்பி கட்டி, நான்-ஓவன் (நெய்யாத) பயிர்மூடு துணியைத் திரைபோல் தொங்கவிடுங்கள். மாலை நாலரைக்கு இழுத்து மூடி, காலை எட்டு மணிக்குத் திறக்க வேண்டும். துணியோ ஷீட்டோ இலையைத் தொடக்கூடாது. தொடும் இலைதான் முதலில் கருகும்.

மண்ணையும் கவனியுங்கள். காய்ந்த வைக்கோல் மூடாக்கு பகல் சூட்டை மண்ணுக்குள் விடாது, இரவில் மண்ணின் சூட்டை மேலே வரவும் விடாது. டிசம்பர், ஜனவரியில் அதை ஒதுக்கிவிட்டு, காலை 11 மணிக்குள் தண்ணீர் விட்டு மண்ணை ஈரமாக வைத்திருங்கள். ஈரமண் அதிகச் சூட்டைப் பிடித்து வைக்கும்.

அடுத்தது டிரம். குளிர்காலத்தில் நமக்குச் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், கறுப்புப் பெயின்ட் அடித்த 200 லிட்டர் டிரம்கள் நான்கை வடக்குச் சுவரோரம் நிறுத்தித் தண்ணீர் நிரப்புங்கள். ஒரு டிரம் தண்ணீர் 5 டிகிரி ஆறும்போது ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சற்று மேலான சூட்டைத் தரும். நான்கும் சேர்ந்தால் 400 வாட் ஹீட்டர் இரவு 12 மணி நேரம் ஓடியதற்குச் சமம். இதனால் கூடுவது ஒன்றிரண்டு டிகிரிதான். ஆனால் தக்காளி கருகுவதும் பிழைப்பதும் பூஜ்யத்தை ஒட்டிய அந்த ஒன்றிரண்டு டிகிரியில்தான் இருக்கிறது.

இத்தனை செய்தாலும், இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போனால் தக்காளியில் மகரந்தம் சரியாக உருவாகாது, பூ உதிரும். குடைமிளகாய் அதைவிடக் குளிர் தாங்காதது. குளிர் கடுமையாக இருக்கும் மாதங்களில் பாலக், கொத்தமல்லி, லெட்டூஸ் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

கார்னேஷன் குடிலில் இரவில் கரி அடுப்பு வைக்கலாம் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், கோத்தகிரி

கூடவே கூடாது. மூடிய குடிலில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாடை கிடையாது, உள்ளே நுழைபவரின் உயிரையே எடுத்துவிடும். புகையில் எத்திலீன் என்ற வாயுவும் இருக்கும். எத்திலீனுக்கு மிக எளிதில் பாதிக்கப்படும் பூக்களில் கார்னேஷன் ஒன்று. இதழ் உள்பக்கம் சுருண்டு, மொட்டு விரியாமல் நின்றுவிடும். மண்ணெண்ணெய் ஹீட்டரிலும் இதே தொல்லை உண்டு, ஒரு லிட்டர் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகக் காற்றில் சேரும்.

தெர்மோஸ்டாட் (வெப்பத்துக்கு ஏற்பத் தானே போட்டு அணைக்கும் கருவி) உள்ள மின்விசிறி ஹீட்டர் வையுங்கள். அளவுக்கு ஒரு கணக்கு: குடிலின் கூரை, சுவர் மொத்தப் பரப்பு (சதுர மீட்டரில்) × 6.5 × உயர்த்த வேண்டிய டிகிரி. 55 சதுர மீட்டர் பரப்புக்கு 6 டிகிரி உயர்த்த 2,145 வாட், அதாவது 2 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேல் வேண்டும். ஈரமான இடம் என்பதால் மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவு பிரேக்கர் இல்லாமல் இணைப்புக் கொடுக்காதீர்கள்.

காலையில் கூரையிலிருந்து மழைபோல் சொட்டுகிறது. ஜெர்பரா பூக்களில் சாம்பல் நிறப் பூசணம். கந்தகம் தெளித்தும் போகவில்லை.
– வாசகர், கொடைக்கானல்

இது பொட்ரைட்டிஸ் என்ற பூசண நோய். கந்தகம் இலையில் வெள்ளையாகப் படியும் சாம்பல் நோய்க்கு உரிய மருந்து, இதற்கு வேலை செய்யாது. குளிருக்குப் பயந்து பகலிலும் மூடி வைப்பதுதான் காரணம். குளிர்காலத்தில் பனியைவிட இந்தப் புழுக்கத்தால் போகும் செடிகள் அதிகம். காலை ஒன்பது மணிக்குக் கூரைத் திறப்பையும் பக்கத் திரையையும் ஒரு மணி நேரமாவது திறந்து ஈரத்தை வெளியேற்றுங்கள். வெயில் நாளில் உள்ளே 25 டிகிரி தாண்டினால் மறுபடி திறந்து, மூன்று மணிக்கு மூடிவிடுங்கள். தண்ணீர் காலையில் மட்டும், வேருக்கு மட்டும். நோய் வந்த பூவைப் பறித்ததும் அங்கேயே பையில் போட்டுக் கட்டுங்கள். கையில் ஆட்டிக்கொண்டு நடந்தால் பூசண வித்துக்கள் தூசியாய்ப் பறந்து அடுத்த பாத்திக்கும் போகும்.

ஆறடிக்கு எட்டடி கண்ணாடிக் குடிலில் கறிவேப்பிலைத் தொட்டி வைத்திருக்கிறேன். குளிர்காலத்தில் தப்புமா?
– வாசகி, ஹாரோ, லண்டன்

சூடாக்காத கண்ணாடிக் குடிலில் தப்பாது. குமிழ் பெரிதாக உள்ள பபிள் ராப்பை, குமிழ்ப் பக்கம் கண்ணாடியைப் பார்க்கும்படி உள்ளே ஒட்டுங்கள். கூரைத் திறப்புக்குத் தனித் துண்டு, இல்லையென்றால் அதைத் திறக்க முடியாது. தெர்மோஸ்டாட்டை 8 டிகிரியில் வைத்து, தொட்டியைத் தரையிலிருந்து உயர்த்துங்கள். மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர், உரம் வேண்டாம். ஒரு செடிக்காக முழுக் குடிலையும் சூடாக்குவது செலவு என்றால், அக்டோபரிலேயே வீட்டு ஜன்னலோரம் கொண்டுவந்துவிடுங்கள். இலை உதிர்ந்தால் பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் வசந்தத்தில் துளிர்க்கும்.

விடிகாலையில் இலையெல்லாம் துகள் உறைபனி. தண்ணீர் அடிக்கலாமா? கருகியதை வெட்டிவிடலாமா?
– வாசகர், நுவரெலியா

வெயில் படுவதற்கு முன்பே அடிக்க வேண்டும், குழாய்த் தண்ணீரே போதும். பனி முழுதும் கரையும்வரை நிறுத்தாமல் அடியுங்கள். பாதியில் விட்டால் இலைமேல் நிற்கும் தண்ணீர் ஆவியாகி இன்னும் குளிர வைக்கும். கருகியதை இப்போது வெட்டாதீர்கள். வெட்டினால் இளந்துளிர் வரும், அடுத்த பனியில் அதுவும் போகும். பனிக்காலம் முடிந்து மார்ச்சில் வெட்டுங்கள்.