பாக்ஸ் சத்தம் போடல, காசு போச்சா?

கேள்வி: அண்ணா, கொரோனாவுக்கு முன்னாடி எங்கம்மா போன்ல பேச மட்டும்தான் செய்வாங்க, இப்போ கீரைக்கட்டுக்கு கூட ஸ்கேன் பண்றாங்க. போன வாரம் மளிகைக் கடையில 640 ரூபா கட் ஆச்சு, ஆனா காசு வந்துச்சுன்னு சொல்ற ஸ்பீக்கர் பாக்ஸ் சத்தம் போடல, கடைக்காரர் வரலன்னு சொல்லி மறுபடி நோட்டா வாங்கிட்டார். அது திரும்பி வருமா? பேசாம பழையபடி காசுக்கே போயிடலாமா?

பதில்: முதல்ல ஆப்ல போய் அந்த பேமென்ட் என்ன நிலைமைல இருக்குன்னு பாருங்க. சக்சஸ்னு இருந்தா அனேகமா காசு கடைக்காரர் அக்கவுண்டுக்கே போயிருக்கும், நெட் இல்லன்னா பாக்ஸ் பேசாது அவ்ளோதான், ரெஃபரன்ஸ் நம்பரக் காட்டி பேங்க் கணக்குல பாக்கச் சொல்லி அந்த 640-ஐ கேட்டு வாங்குங்க. பெண்டிங், ஃபெயில்டுன்னு இருந்தா அஞ்சு நாளுக்குள்ள தானா திரும்பணும், தாண்டினா நாளுக்கு 100 ரூபா பேங்க் தரணும், 2019 செப்டம்பர்ல ரிசர்வ் பேங்க் போட்ட விதி. இது தெரியாம எத்தனை பேர் சும்மா விட்டுர்றாங்க!

காசுக்கே போறதா? கொரோனா வந்ததும் எல்லாரும் நோட்டைத் தொட பயந்து போனுக்கு ஓடினாங்கன்னு சொல்றது பாதிதான் சரி. 2020 மார்ச்ல சுமார் 125 கோடி யுபிஐ பேமென்ட், ஏப்ரல்ல 100 கோடிக்கும் கீழ இறங்கிடுச்சு, கடையே இல்லன்னா எங்க ஸ்கேன் பண்றது? கடை திறந்தப்புறம்தான் ஏறி அக்டோபர்ல 200 கோடி தாண்டுச்சு. அதே 2020-21ல புழக்கத்துல இருந்த நோட்டோட மதிப்பும் கிட்டத்தட்ட 17 சதவீதம் கூடுச்சு, அதாவது கடையில போனைக் காட்டிட்டு அவசரத்துக்குன்னு பீரோல நோட்டை அடுக்கியிருக்காங்க நம்மாளுங்க. பயம் போனப்புறமும் கீரைக்காரம்மா அந்த ஸ்கேன் பண்ற அட்டைய மாட்டியே வச்சிருக்காங்கன்னா, 2020 ஜனவரியிலேருந்து யுபிஐக்கு கடைக்காரர்கிட்ட கமிஷன் பிடிக்கறதில்ல, சில்லறைத் தொல்லையும் இல்ல.

அதனால அம்மா ஸ்கேன் பண்ணட்டும், பர்ஸ்ல ஒரு ஐநூறும் இருக்கட்டும். ஆனா அவங்க டெபிட் கார்டைப் பாருங்க, 2021 ஜனவரியிலேருந்து பின் நம்பர் இல்லாம மெஷின்ல தட்டினாலே 5000 ரூபா வரைக்கும் போகும், முன்னாடி 2000தான். அவங்க தட்டறதே இல்லன்னா பேங்க் ஆப்ல அந்த தட்டற வசதியை இன்னிக்கே ஆஃப் பண்ணிடுங்க.