உயர்ரக பழைய போனை விட்டு விலை குறைந்த புதிய மாடலுக்கு மாறலாமா?

சில ஆண்டுகள் பழைய உயர்ரக ஸ்மார்ட்போனைக் கொடுத்துவிட்டு, இப்போது வந்த விலை குறைந்த மாடலை வாங்கினால் வேகம் கூடுமா? பெரும்பாலும் அதிகரிக்காது. புதிய மாடல் என்பது வெளியான ஆண்டைத்தான் சொல்கிறது, உள்ளே இருக்கும் பாகங்களின் தரத்தை அல்ல.

விலையைக் குறைக்க நிறுவனங்கள் முதலில் கை வைப்பது கண்ணுக்குத் தெரியாத இடங்களில்தான். அதில் முக்கியமானது சேமிப்பகம், அதாவது செயலிகளும் படங்களும் தங்கும் இடம். மலிவான போன்கள் பலவற்றில் இருப்பது இஎம்எம்சி வகை. அது ஒரே நேரத்தில் படிக்கவோ எழுதவோ மட்டுமே செய்யும். உயர்ரகப் போன்களில் உள்ள யுஎஃப்எஸ் வகை இரண்டையும் சேர்த்தே செய்யும். ஒற்றைவழிப் பாலத்தில் ஒரு பக்கத்து வண்டிகள் காத்து நிற்பதற்கும், இருவழிச் சாலையில் தடையின்றிப் போவதற்கும் உள்ள வேறுபாடு இது. வாங்கும் முன் இந்த ஒரு விவரத்தையாவது அவசியம் பாருங்கள்.

பழைய போன் தளர்ந்ததற்குக் காரணம் பேட்டரியாக இருந்தால், அதை மட்டும் மாற்றுங்கள். பல லித்தியம் பேட்டரிகள் சுமார் 500 முழு சார்ஜ்களுக்குப் பின் ஐந்தில் ஒரு பங்கு திறனை இழந்துவிடும். ஆனால் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டதென்றால் மாறுவதே நல்லது. வங்கிப் பரிவர்த்தனை செய்பவர்கள் இதில் தயங்கவே கூடாது.

புதிய மாடலின் மெகாபிக்சல் எண் பெரிதாக இருந்தால் கேமரா மேலானது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் படத்தின் தரத்தில், ஒளியைப் பதிவுசெய்யும் சென்சாரின் அளவுக்கும் லென்ஸுக்கும்தான் பெரிய பங்கு.