உணவு ஆய்வுக்குத் தந்த விவரத்தை நாமே பார்க்க முடியுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. சென்ற ஆண்டு ஒரு கல்வி நிறுவனம் இணையம் வழியாக நடத்திய உணவுப் பழக்க ஆய்வில் சேர்ந்து, காலைக் காபி முதல் இரவுச் சாப்பாடு வரை பல வாரங்கள் பதிந்து வந்தேன். தட்டைப் படமெடுத்து ஏற்றினேன். விரல் நுனி ரத்தத்தை அட்டையில் ஒற்றி அஞ்சலிலும் அனுப்பினேன். ஆய்வு முடிந்ததும் என் கணக்கைத் திறக்க முடியவில்லை. இப்போது சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாக மருத்துவர் சொல்கிறார். அந்தப் பதிவுகளை அவரிடம் காட்ட விரும்புகிறேன். கேட்டால் தருவார்களா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: கேட்கலாம், அம்மா; கேட்கவும் வேண்டும். ஆனால் இந்த வாரமே கேளுங்கள். இத்தகைய ஆய்வுகளில் உங்கள் பெயரும் நீங்கள் சாப்பிட்டதும் பெரும்பாலும் ஒரே கோப்பில் இருப்பதில்லை. உங்களுக்கு ஒரு பங்கேற்பாளர் எண் தரப்பட்டு, உணவுப் பதிவுகள் அந்த எண்ணின்கீழ் மட்டும் சேமிக்கப்படும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் தனியாகப் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். அந்தப் பட்டியல் இருக்கும்வரை உங்கள் பதிவைத் தேடி எடுக்க முடியும். ஒப்புதல் படிவத்தில் குறித்த காலம் முடிந்து பட்டியலை அழித்துவிட்டால், ஆய்வாளருக்கு எவ்வளவு நல்ல மனம் இருந்தாலும் ஆயிரம் வரிகளில் உங்கள் வரி எது என்று அவராலேயே சொல்ல முடியாது. பங்கேற்றவர்களின் அடையாளத்தைக் காப்பதற்காகச் செய்யப்படும் அந்த அழிப்பை நாம் குறை சொல்ல முடியாது. அதற்கு முன் கேட்டுவிட வேண்டும்.

முதலில் ஒப்புதல் படிவத்தையும் அதோடு வந்த தகவல் தாளையும் தேடி எடுங்கள். இணையத்தில் 'சம்மதம்' என்று தொட்டு நுழைந்திருந்தால், சேர்ந்த அன்று வந்த மின்னஞ்சலில் அதன் நகலோ இணைப்போ இருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்களின்படி, ஆய்வாளரையும், ஆய்வு முறையாக நடக்கிறதா என்று கவனிக்கும் நெறிமுறைக் குழுவையும் எப்படித் தொடர்புகொள்வது என்பது அந்தத் தாளில் இருக்க வேண்டும். விவரங்களை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், தனிப்பட்ட முடிவுகளைத் தெரிவிப்பார்களா, யாரோடு பகிர்வார்கள் என்பதையும் அதிலேயே பாருங்கள். "தனிநபர் முடிவுகள் தரப்படமாட்டா" என்று எழுதியிருந்தாலும் சோர்ந்துவிட வேண்டாம். அந்த வரி பெரும்பாலும் அவர்கள் கணக்கிட்டு எடுத்த முடிவுகளைப் பற்றியது. நீங்களே உள்ளிட்ட பதிவுகளும் நீங்களே எடுத்த படங்களும் வேறு. அவற்றைத் தனியே குறிப்பிட்டுக் கேளுங்கள்.

அடுத்து, பதிவு செய்தபோது தந்த அதே மின்னஞ்சல் முகவரியிலிருந்து முதன்மை ஆய்வாளருக்கு எழுதுங்கள். "என் விவரங்களை அனுப்பவும்" என்ற ஒற்றை வரிக்கு ஒற்றை வரியில்தான் பதில் வரும். இப்படி எழுதிப் பாருங்கள்: "தங்கள் ஆய்வில் இந்த எண்ணுடன் பங்கேற்றேன். நாள், நேரத்துடன் நான் உள்ளிட்ட உணவுப் பதிவுகள், நான் ஏற்றிய படங்கள், அவற்றிலிருந்து கணக்கிட்ட சத்து அளவுகள், என் ரத்த மாதிரியின் முடிவும் அதன் அலகும், கோப்பில் உள்ள ஒவ்வொரு தலைப்பும் எதைக் குறிக்கிறது என்ற விளக்கப் பட்டியல் ஆகியவற்றின் நகலைக் கோருகிறேன். இவை யாருக்காவது பகிரப்பட்டிருந்தால் அதையும் தெரிவிக்க வேண்டுகிறேன். என் பெயரையும் எண்ணையும் இணைக்கும் பட்டியல் இன்னும் இருக்கிறதா, எப்போது அழிக்கப்படும் என்பதையும் அறிய விரும்புகிறேன்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். எவ்வளவு காலம் கைவசம் இருக்கிறது என்பது அதற்கு வரும் பதிலில்தான் தெரியும்.

அடையாளச் சான்று கேட்டால் முழு ஆதார் நகலை அனுப்பாமல், கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை அனுப்புங்கள். ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே அதைத் தரவிறக்கலாம். நியாயமான காலம் காத்திருந்தும் பதில் வராவிட்டால், அதே கடிதத்தை நெறிமுறைக் குழுவின் உறுப்பினர் செயலருக்கு அனுப்புங்கள். பங்கேற்பாளரின் குறைகளைக் கேட்பதும் அந்தக் குழுவின் வேலைதான்.

சட்டம் கை கொடுக்குமா என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதலின் பேரில் பெறப்பட்ட தம் விவரங்களின் சுருக்கத்தையும், அவை யாருக்குப் பகிரப்பட்டன என்பதையும் கேட்டறியும் உரிமையை 11-ஆம் பிரிவில் தருகிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. இந்த உரிமை அதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. அது மட்டுமல்ல, தனிநபர் ஒருவரைப் பற்றி முடிவெடுக்கப் பயன்படுத்தாமல், குறித்த தரங்களின்படி நடக்கும் ஆராய்ச்சிக்கு 17-ஆம் பிரிவு விலக்கும் அளிக்கிறது. எனவே கல்வி நிறுவன ஆய்வைப் பொறுத்தவரை உங்கள் பிடி ஒப்புதல் படிவத்திலும் நெறிமுறைக் குழுவிடமும்தான் இருக்கிறது. ஆய்வை நடத்தியது இந்தியத் தனியார் நிறுவனமாக இருந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் வந்த 2011-ஆம் ஆண்டு விதிகளைச் சுட்டலாம்: தந்த விவரத்தைத் தந்தவர் கேட்கும்போது பார்க்க விட வேண்டும், குறைதீர் அலுவலரின் பெயர் இணையதளத்தில் இருக்க வேண்டும், புகாரை ஒரு மாதத்துக்குள் அவர் தீர்க்க வேண்டும்.

வாரக்கணக்கில் உழைத்து விவரம் தந்தவரின் கணக்கை மூடுமுன், "உங்கள் பதிவைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள்" என்று ஓர் அறிவிப்பு அனுப்புவது எந்த ஆய்வுக் குழுவுக்கும் பெரிய சுமையல்ல. ஒவ்வொரு நெறிமுறைக் குழுவும் இதை ஒரு நிபந்தனையாகவே வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: கேட்டேன், கோப்பும் வந்தது. திறந்தால் தமிழ் எழுத்துகள் எல்லாம் புரியாத குறிகளாகத் தெரிகின்றன. சில நாட்களில் என் ஆற்றல் அளவு 8,000 என்று இருக்கிறது. நான் பதிந்த மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி எதையும் காணவில்லை. எல்லாம் வெறும் 'அரிசி'. இதை எப்படிப் படிப்பது?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: எழுத்துச் சிக்கல் எளிது. சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பை நேராகத் தட்டித் திறக்காமல், எக்செலில் 'டேட்டா' பகுதிக்குப் போய், உரைக் கோப்பிலிருந்து பெறும் வழியைத் தேர்ந்து, எழுத்துக் குறியாக்கமாக யூடிஎஃப்-8 என்பதைக் கொடுங்கள். கூகுள் ஷீட்ஸில் ஏற்றினால் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும்.

8,000 என்ற எண் கிலோ ஜூலாக இருக்க வேண்டும். ஒரு கிலோ கலோரி 4.184 கிலோ ஜூல். அந்தக் கணக்கில் 8,000 என்பது ஏறத்தாழ 1,900 கிலோ கலோரிதான். அலகு கிலோ கலோரி என்றே எழுதியிருந்தால், சோற்றின் எடையைச் சரிபாருங்கள். டெல்டாக்காரர்களின் பதிவுகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். 100 கிராம் அரிசியில் சுமார் 350 கிலோ கலோரி இருக்கிறது. அதுவே வெந்து சோறானால் நீரை உறிஞ்சி இரண்டரை முதல் மூன்று மடங்கு எடை கூடுவதால், 100 கிராம் சோற்றில் 120 முதல் 130 வரைதான் தேறும். நீங்கள் 300 கிராம் என்று சோற்றின் எடையைப் பதிய, மென்பொருள் அதை அரிசியின் எடையாக எடுத்துக்கொண்டால், 400-க்கும் குறைவாக வர வேண்டிய அளவு 1,050 ஆகிவிடும். மூன்று வேளையும் சோறுண்ணும் வீட்டில் இந்த ஒரு பிழையே நாள் கணக்கு முழுவதையும் புரட்டிப் போட்டுவிடும். பழைய சோற்றைப் பதிந்திருந்தால் அதில் நீரின் எடையும் சேர்ந்திருக்கும். அங்கே கணக்கு இன்னும் கூடுதலாகத் தப்பலாம்.

உங்கள் நெல் வகைகள் காணாமல் போனதற்கும் காரணம் உண்டு. நம் நாட்டு ஆய்வுகள் பெரிதும் நம்புவது, ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையை. அதில் 528 உணவுப் பொருள்கள் இருக்கின்றன. ஆனால் அரிசி என்று பார்த்தால் பச்சரிசி, புழுங்கலரிசி, தீட்டாத அரிசி, அவல், பொரி என்ற அளவில்தான் பிரிவு போகிறது. நெல் திருவிழாவில் விதை வாங்கி, பாரம்பரிய ரகத்தைத் தேடிப் பயிரிட்டு உண்பவருக்கு அந்த வேறுபாடு உயிரானது. கோப்போ அதைத் தீட்டிய வெள்ளை அரிசியாக எழுதி, நார்ச்சத்தைக் குறைத்துக் காட்டிவிடும். எனவே எந்த அட்டவணையைப் பயன்படுத்தினார்கள், இல்லாத உணவுக்கு எதை ஈடாக வைத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். நீங்கள் உள்ளிட்ட பெயரும் அவர்கள் ஈடாக வைத்த பெயரும் அடுத்தடுத்த கட்டங்களில் வந்தால்தான் கோப்பு உங்களுக்குப் பயன்படும்.

சாம்பார், மீன் குழம்பு போன்றவற்றை ஒரு பொதுவான செய்முறையைக் கொண்டு கணக்கிடுவதால், அவற்றின் எண்ணெய், உப்பு அளவுகள் உங்கள் வீட்டு அடுப்புக்கு உரியவை அல்ல. உப்பு பெரும்பாலும் சோடியமாகத்தான் காட்டப்படும். 2,000 மில்லிகிராம் சோடியம் என்பது 5 கிராம் உப்பு, ஒரு நாளைக்கு அதற்குக் கீழே இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கருவாடு, வடகம், மோர்மிளகாய் ஆகியவற்றைப் பதிய மறந்த நாட்களில் இந்த எண் பொய்யாகவே குறைந்திருக்கும். வெற்றுக் கட்டத்தைச் சுழியம் என்று எண்ணிவிடாதீர்கள். 99, 999 போன்ற எண்கள் பதில் இல்லை என்பதற்கான குறியாகவும் இருக்கலாம். விளக்கப் பட்டியலைப் பார்த்தால் தெளிவாகும்.

மன்னார்குடி வாசகிக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. வெளிநாட்டு ஆய்வகம் ரத்தச் சர்க்கரையை மில்லிமோல் அலகில் தரக்கூடும். அதை 18-ஆல் பெருக்கினால் நமக்குப் பழகிய மில்லிகிராம் கணக்கு வரும். 5.8 என்ற எண்ணைக் கண்டு, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியின் விழுக்காடு என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. அலகைப் பார்த்த பிறகே மருத்துவரிடம் காட்டுங்கள். ஆய்வுக்காகச் செய்த பரிசோதனை சிகிச்சைக்கான பரிசோதனை ஆகாது. அவர் மீண்டும் ஒருமுறை எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: நான் பங்கேற்றது ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வு. மயிலாடுதுறையில் இருந்துகொண்டு அவர்களிடம் உரிமையோடு கேட்க முடியுமா?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: முடியும். 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியப் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, ஐரோப்பிய ஒன்றியத்தில் நிலைகொண்ட அமைப்பு கையாளும் விவரங்களுக்குப் பொருந்தும். விவரம் தந்தவர் எந்த நாட்டுக் குடிமகன் என்று அது பார்ப்பதில்லை. அதன் 15-ஆம் உறுப்பின்படி உங்கள் விவரத்தின் நகலைக் கட்டணமின்றிக் கேட்கலாம். ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும், சிக்கலான கோரிக்கையானால் மேலும் இரண்டு மாதங்கள் வரை நீட்டிக்கலாம். பல்கலைக்கழகத்தின் தரவுப் பாதுகாப்பு அலுவலருக்கு எழுதுங்கள். ஆராய்ச்சிக்காக உறுப்பு நாடுகள் சில விலக்குகளைச் செய்துகொள்ள இடமுண்டு என்பதால் மறுப்பும் வரக்கூடும். எந்த விதியின்கீழ் மறுக்கிறார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அமெரிக்க ஆய்வானால் இப்படி எல்லா ஆய்வுக்கும் பொதுவான மத்தியச் சட்டம் இல்லை. ஒப்புதல் படிவம்தான் வழிகாட்டி. அந்நாட்டுத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் உருவாக்கிய ஏஎஸ்ஏ24 போன்ற இணையவழி உணவுப் பதிவுக் கருவிகளில், ஆய்வாளர் அனுமதித்திருந்தால் பங்கேற்பாளருக்கே சத்து அறிக்கை காட்டும் வசதி இருக்கிறது. அது இயக்கப்பட்டிருந்ததா என்று விசாரியுங்கள்.

கேள்வி: என் அம்மாவுக்குக் கைப்பேசி பழக்கமில்லை. அவர் சொல்லச் சொல்ல நான்தான் பதிந்தேன். அவர் பதிவை நான் கேட்கலாமா? விவரம் கிடைத்த பிறகு, ஆய்விலிருந்து விலகி எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லலாமா?
– வாசகர், திருவையாறு

பதில்: விரல் உங்களுடையது என்றாலும் விவரம் உங்கள் அம்மாவுடையது. அவர் கையெழுத்தோ கைநாட்டோ இட்ட அதிகாரக் கடிதத்துடன் நீங்கள் எழுதலாம். பங்கேற்றவர் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரானால் பெற்றோர் கேட்பதே முறை.

காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமை நெறிமுறை வழிகாட்டுதல்களிலேயே உறுதி செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் வரிசை முக்கியம்: முதலில் நகல் கையில் வரட்டும், பிறகு அழிக்கக் கோருங்கள். ஏற்கெனவே கட்டுரையாக வெளிவந்த கணக்கிலிருந்து அம்மாவின் பங்கைப் பிரித்தெடுக்க முடியாது. இனிமேல் நடக்கும் பகுப்பாய்வுகளில் சேர்க்காமல் இருக்கச் சொல்லலாம். ரத்தம், உமிழ்நீர் போன்ற மாதிரிகள் கொடுத்திருந்தால் அவற்றைக் கடிதத்தில் தனியே குறிப்பிடுங்கள். கணினியில் உள்ள பதிவை அழித்துவிட்டதாகப் பதில் வந்த பிறகும் அந்த மாதிரிகள் குளிர்பெட்டியில் இருக்கக்கூடும். அவற்றை என்ன செய்தார்கள் என்பதையும் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள்.