பெல்ட்டை மாற்றுவது சுலபம், இறுக்குவதில்தான் சூட்சுமம்

கேள்வி: என் கார் இருபது வருடப் பழசு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்துகிறது. ஹெட்லைட் போட்டால் சத்தம் கூடுகிறது. ஆல்டர்னேட்டர் பெல்ட்டை இரண்டு முறை இறுக்கியாயிற்று. பத்தே நாளில் மறுபடியும் அதே கதை. பெல்ட்டை நானே மாற்றலாமா?

பதில்: தாராளமாக மாற்றலாம். ஹெட்லைட் போட்டால் சத்தம் கூடுகிறது என்று சொன்னீர்களே, அதுதான் துப்பு. மின்சாரச் சுமை ஏறினால், காருக்கு மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரைச் சுழற்றக் கூடுதல் பலம் வேண்டும். பிடிமானம் போதாத பெல்ட் அங்கே வழுக்கிக் கத்துகிறது.

இறுக்கியும் ஏன் நிற்கவில்லை? வி வடிவ பெல்ட், புல்லி என்னும் சக்கரத்தின் பள்ளத்தில் இரண்டு பக்கச் சுவர்களைக் கவ்வித்தான் ஓடுகிறது. அடிப்பாகத்தைத் தொடவே கூடாது. தேயத் தேய அது கீழே இறங்கி அடியில் உட்கார்ந்துவிடும். அதற்கப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கத்தான் செய்யும். எஞ்சினை அணைத்துவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். பள்ளத்தின் அடி பளபளவென்று இருந்தாலோ, பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடி போல் மின்னினாலோ, உள்பக்கம் குறுக்கே வெடித்திருந்தாலோ பெல்ட்டுக்கு ஆயுசு முடிந்தது. சத்தத்தை அடக்க ஸ்ப்ரே விற்கிறார்கள். அதில் எனக்கு நம்பிக்கையில்லை.

ரொம்பத் தள்ளிப்போட வேண்டாம். பல பழைய கார்களில் எஞ்சினைக் குளிர்விக்கும் வாட்டர் பம்பையும் இதே பெல்ட்தான் சுற்றுகிறது. வழியில் அறுந்தால் பேட்டரி விளக்கு எரிவதோடு போகாது, எஞ்சினும் கொதித்துவிடும்.

வேலைக்கு வருவோம். எஞ்சின் ஆறியதும் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் வரும் தடித்த ஒயரில் எப்போதும் மின்சாரம் இருக்கும். ஸ்பேனர் பட்டால் பொறி பறக்கும். பெல்ட் போகும் பாதையை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்டர்னேட்டரைத் தாங்கும் போல்ட், நீளத் துளையில் நகரும் போல்ட் இரண்டையும் தளர்த்தினால் போதும், கழற்ற வேண்டாம். ஆல்டர்னேட்டரை எஞ்சின் பக்கம் தள்ளினால் பெல்ட் கையோடு வந்துவிடும். முன்னால் ஏசி பெல்ட் இருந்தால் அதை முதலில் எடுக்க வேண்டியிருக்கும்.

புதியதை மாட்டும் முன் புல்லிகளைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்றால் பேரிங் போயிருக்கிறது. எண்ணெய்க் கசிவு இருந்தால் அதை முதலில் சரி செய்யுங்கள், இல்லாவிட்டால் புது பெல்ட்டும் வீண். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஏற்றவே கூடாது. உள்ளே இருக்கும் நூல்கள் வெளியே தெரியாமல் அறுந்துவிடும்.

இனிதான் முக்கியமான இடம். நான் முதன்முதலில் மாற்றியபோது, மறுபடி கத்தக்கூடாது என்று வீணைத் தந்தி போல இழுத்துக் கட்டினேன். சத்தம் நின்றது. சில வாரத்தில் ஆல்டர்னேட்டர் பேரிங் முனக ஆரம்பித்தது. இரண்டு புல்லிகளுக்கு நடுவே உள்ள நீளமான பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தமாக அமுக்கினால் சுமார் 10 மி.மீ. இறங்க வேண்டும். காரின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே வையுங்கள். நெம்புவதற்குச் சுத்தியல் பிடி போன்ற மரத்துண்டு நல்லது. ஆல்டர்னேட்டரின் கெட்டியான முன்பக்கத்தில் முட்டுக்கொடுங்கள், பின்பக்க மூடியில் வேண்டாம். அப்படியே பிடித்துக்கொண்டு நீளத் துளை போல்ட்டை முதலில் இறுக்குங்கள், பிறகு மற்றதை. இறுக்கும்போது கொஞ்சம் நகர்ந்திருக்கும், திரும்ப ஒருமுறை அமுக்கிப் பாருங்கள்.

பேட்டரியை இணைத்து, ஸ்டார்ட் செய்து, ஹெட்லைட் போட்டுக் கேளுங்கள். வோல்ட் மீட்டர் இருந்தால், எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 14 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். அது 12-இலேயே நின்றால் கோளாறு பெல்ட்டில் இல்லை, ஆல்டர்னேட்டரையோ ஒயரிங்கையோ பார்க்க வேண்டும். எல்லாம் சரி என்றால் கால் மணி நேரம் ஓட்டிவிட்டு, எஞ்சினை அணைத்து, இறுக்கத்தைப் பாருங்கள். புது பெல்ட் கொஞ்சம் தளரும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு தடவை.