ஒரே டெபாசிட் முகவரி, இரண்டு வாடிக்கையாளர்கள்: சாவி யாரிடம் இருந்தது?

கேள்வி: புதுச்சேரி லாஸ்பேட்டையில் பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்துகிறேன். வெளிநாட்டு கிளையன்ட்டுகளுக்கு வேலை செய்பவர்கள் டாலர் மதிப்பை ஒட்டிய கிரிப்டோ காயினான யுஎஸ்டிடி-யில் கூலி வாங்கிக்கொள்ள ஒரு பேமென்ட் ஆப். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி டெபாசிட் முகவரி கொடுக்கிறோம். ஒருநாள் சர்வர் படுத்துவிட்டது. பங்குதாரரும் டெவலப்பருமான நண்பர் பழைய பேக்கப்பை ஏற்றினார். பேக்கப்புக்குப் பிறகு சேர்ந்த 19 பேரின் பதிவு போய்விட்டதால், அவர்களை மறுபடியும் பதியச் சொன்னோம். அவர்களில் கடலூர் மஞ்சக்குப்பத்து டிசைனர் ஒருவர். அவருக்குப் புது முகவரி கிடைத்தது. ஆனால் அவருடைய பழைய முகவரி, புதிதாகச் சேர்ந்த காரைக்கால்காரர் ஒருவருக்குப் போயிருக்கிறது. டிசைனரின் கிளையன்ட் பழைய முகவரிக்கே 6,200 யுஎஸ்டிடி அனுப்பிவிட்டார். ஆப் அதைக் காரைக்கால்காரர் கணக்கில் வரவு வைத்தது, அவர் அன்றே எடுத்துவிட்டார். நண்பர் சண்டை போட்டு விலகிவிட்டார், போனை எடுப்பதில்லை. டிசைனர் வாட்ஸ்அப் குரூப்பில் என்னைத் திருடன் என்று எழுதுகிறார், என் அம்மாவுக்கே போன் செய்து திட்டுகிறார். கடலூர் சைபர் கிரைமில் புகார் கொடுத்து, என்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். தப்பு செய்தது நண்பர், பணம் இருப்பது காரைக்காலில். நான் ஒரு பைசா தொடவில்லை. டிசைனர் மேல் அவதூறு வழக்குப் போடலாமா?

பதில்: அவதூறு வழக்கை மறந்துவிடுங்கள். நண்பர் செய்த துரோகத்தையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். அது உங்கள் இருவரின் பங்குதாரர் ஒப்பந்தத்தைப் பற்றிய விவகாரம். கடலூரில் உங்களைக் கூப்பிட்டிருப்பவர் அதைக் கேட்கப்போவதில்லை. நீங்கள் அனுப்பிய ஐந்து பக்கத்தில் சட்டத்துக்கு வேண்டிய கேள்வி ஒன்றுதான்: காயின் வந்து விழுந்த நிமிடத்தில் அந்த முகவரியின் தனிச்சாவி, அதாவது அதிலிருக்கும் காயினை எடுக்க வேண்டிய ரகசிய எண், யாரிடம் இருந்தது?

உங்கள் கம்பெனியிடம். சீட் எனப்படும் 24 வார்த்தை ரகசியச் சொல்வரிசை ஒன்றிலிருந்து 0, 1, 2 என்று வரிசையாக முகவரிகளை உருவாக்கும் எச்.டி. வாலட்தான் நீங்கள் வைத்திருப்பது. வாடிக்கையாளர் கையில் சாவி கிடையாது. அவருக்குத் தெரிவது முகவரி மட்டும். காயின் பரிமாற்றங்கள் பதிவாகும் பொதுப் பேரேடான பிளாக்செயினிலும் யார் பெயரும் இல்லை. 412-ம் எண் முகவரி மஞ்சக்குப்பத்துக்காரருடையதா, காரைக்கால்காரருடையதா என்று சொல்வது உங்கள் டேட்டாபேஸில் இருக்கும் ஒரு வரி. மணக்குள விநாயகர் கோயில் வாசலில் ஒரே எண் டோக்கனை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டு, செருப்பை எடுத்துப்போனவரைப் போய்க் கேளுங்கள் என்று கடைக்காரர் சொல்ல முடியாது.

இதற்கு இப்போது நம் உயர் நீதிமன்றத்தின் வார்த்தையும் இருக்கிறது. வசீர்எக்ஸ் என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் தொடர்பான வழக்கில் 2025 அக்டோபரில் நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ ஒரு சொத்து, அதை ஒருவருக்காக இன்னொருவர் நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்க முடியும் என்று சொல்லியிருக்கிறார். சென்னை உயர் நீதிமன்றத்தின் எல்லையில் கடலூரும் வருகிறது, புதுச்சேரியும் காரைக்காலும் வருகின்றன. சொத்து, நம்பிக்கைப் பொறுப்பு என்ற இரண்டும் சேர்ந்துவிட்டால் அடுத்து வருவது பாரதிய நியாய சன்ஹிதா 316, அதாவது நம்பிக்கை மோசடி.

பயப்பட வேண்டாம், 316-க்கு நேர்மையற்ற எண்ணம் வேண்டும். பேக்கப் ஏற்றும்போது முகவரி வரிசை எண் பின்னால் போய், கொடுத்த எண்களே மறுபடி ஒதுக்கப்பட்டது கவனக்குறைவு. இந்த மாதிரிக் கவனக்குறைவுக்குச் சிவில் பொறுப்பு உண்டு, சிறை கிடையாது. இன்றைய தேதியில் நீங்கள் நிற்பது அந்தப் பாதுகாப்பான பக்கத்தில்தான். என்னிடம் வந்த கட்சிக்காரர்கள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தாங்களாகவே நடந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். அதனால் மீதிக் கடிதம் முழுக்க அதைப் பற்றித்தான்.

முதலில் டேட்டாபேஸ். புகார் வந்ததும் கை துறுதுறுக்கும். 412-ஐ மறுபடி டிசைனர் பெயருக்கு மாற்றிவிடலாம், காரைக்கால்காரர் வரவை ரத்து செய்து 'சரிசெய்யப்பட்டது' என்று ஒரு என்ட்ரி போட்டுவிடலாம் என்று தோன்றும். ஒரு எழுத்தையும் தொடாதீர்கள். சாட்சியமாகப் போகக்கூடிய மின்னணுப் பதிவை அழிப்பதும் மாற்றுவதும் அதே நியாய சன்ஹிதாவின் 238, 241 பிரிவுகளில் தனிக் குற்றம். அதைவிட மோசம், உங்கள் தவறு வெறும் தவறுதான் என்று காட்டுகிற ஒரே சாட்சியை நீங்களே அழித்துவிடுவீர்கள். பேக்கப் ஏற்றிய நேரம், 412 முதல் 430 வரை எண்கள் இரண்டாம் முறை ஒதுக்கப்பட்ட நேரம், இந்த லாக் எல்லாம் உங்கள் பக்கத்து ஆதாரம். இன்றே சர்வரை முழுப் பிரதி எடுத்து, ஹாஷ் மதிப்பைக் (பிரதி மாறவில்லை என்று காட்டும் எண்) குறித்து, மின்னணுப் பதிவைச் சாட்சியமாக வைக்கத் தேவையான பாரதிய சாட்சிய அதினியம் 63(4) சான்றிதழின் இரண்டு பாகத்தையும் தயார் செய்யுங்கள். முதல் பாகத்தில் நீங்கள் கையெழுத்திட வேண்டும், இரண்டாவதில் நிபுணர். டிசைனர் முதலில் பதிந்தபோது உங்கள் ஆப் அவருக்கு அனுப்பிய வெல்கம் மெயிலில் பழைய முகவரி 'டி' என்று தொடங்கி 34 எழுத்தும் அப்படியே இருக்கும். அவர் கையில் அது இருக்கிறது. அந்த முகவரி அவருக்குக் கொடுக்கப்பட்டதே இல்லை என்று விசாரணையில் சொல்லிவிட்டால் அதோடு கதை முடிந்தது.

அடுத்தது எனக்கு இதைவிடப் பெரிய கவலை. உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய வரி: 19 பேர். டிசைனர் அவர்களில் ஒருவர். மீதி 18 பேரின் பழைய முகவரிகளும் இன்று வேறு யாரோ ஒருவர் கணக்கில் தொங்குகின்றன. அவர்களுடைய கிளையன்ட்டுகளும் எப்போதோ சேமித்து வைத்த முகவரிக்குத்தான் அனுப்புவார்கள். முதல் முறை நடந்தது தெரியாமல் நடந்தது. இனி ஒன்று நடந்தால் தெரிந்தே நடந்தது. 'நேர்மையற்ற எண்ணம்' என்ற சொல்லுக்கு அரசு வழக்கறிஞருக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. அந்த 19 எண்களிலும் தானாக வரவு வைப்பதை இன்றிரவே நிறுத்துங்கள். வருவது தனிக் கணக்கில் நிற்கட்டும், ஒவ்வொன்றையும் கையால் சரிபார்த்து விடுங்கள். பழைய 18 பேருக்கும், அதே எண்களைப் பெற்ற புதியவர்களுக்கும் எழுத்தில் தகவல் போகட்டும். நாளைக்குக் கேட்டால் காட்ட அந்த மெயில்தான் இருக்கும்.

சீட் வார்த்தைகள் நண்பருக்கும் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் புது சீட்டுக்கு மாறியே ஆக வேண்டும். சீட் கூட வேண்டியதில்லை, சர்வரில் இருக்கும் எக்ஸ்பப்போடு (முகவரிகளை உருவாக்க மட்டும் உதவும் பொதுச்சாவி) ஏதோ ஒரு முகவரியின் தனிச்சாவி கசிந்தாலே, சாதாரண முறையில் உருவான வரிசைக்குத் தாய்ச்சாவியைக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். ஆனால் விசாரணை நடக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் எல்லாக் காயினையும் வேறு வாலட்டுக்கு நகர்த்தினால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சொத்தைக் கடத்துவது மாதிரித்தான் தெரியும். போர்டு தீர்மானம் போட்டு, விசாரணை அதிகாரிக்கு முன்கூட்டியே மெயில் அனுப்பி, ஒவ்வொரு பரிமாற்றத்தின் ஹாஷையும் (அடையாள எண்) பட்டியலிட்டு, பிறகு நகர்த்துங்கள். பழைய சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பழைய முகவரிகளுக்கு வருடக்கணக்கில் பணம் வந்துகொண்டே இருக்கும். சீட்டைத் தொலைத்தால் அதை யாராலும் மீட்க முடியாது. அன்று புகார்தாரர் ஒருவராக இருக்க மாட்டார்.

இப்போது டிசைனர். அவருக்கு 6,200-ஐயும் முழுதாகக் கொடுத்துவிடுங்கள். காரைக்காலிலிருந்து வரும் வரை பொறுங்கள் என்று சொல்லாதீர்கள். நண்பர் பங்கைக் கழித்துப் பேரம் பேசாதீர்கள். சுமார் ஐந்தரை லட்சம் உங்களுக்குப் பெரிய தொகை என்று தெரியும். அவர் புகார் இப்போதிருக்கிற நிலையில் 316(2), ஐந்து வருடம் வரை தண்டனை. அதற்கு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173(3)-ன்படி, வழக்குப் பதியும் முன் டிஎஸ்பி அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்த இடம் இருக்கிறது. உங்களைக் கூப்பிட்டிருப்பது அந்தக் கட்டமாக இருந்தால் அதுதான் உங்களுக்குக் கிடைத்த அவகாசம். தாண்டிவிட்டால், ஏஜென்ட் செய்த மோசடி என்று 316(5) சேர்ப்பார்கள். அது ஆயுள் வரை போகும், சமரசத்துக்கும் இடம் கிடையாது. 318(4) ஏமாற்றுதலும் சேர்ந்தால் அது பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் அட்டவணைக் குற்றம். அமலாக்கத் துறைக்கு அங்கே வாசல் திறக்கிறது.

அந்த வாசல் உங்களுக்குக் கொஞ்சமும் நல்லதல்ல. 'நாங்கள் வெறும் டெக்னாலஜி கம்பெனி, எக்ஸ்சேஞ்ச் இல்லை, எஃப்.ஐ.யூ (நிதி நுண்ணறிவுப் பிரிவு) பதிவு தேவையில்லை என்று நண்பர் சொன்னார்' என்று எழுதியிருக்கிறீர்கள். 2023 மார்ச் 7 நிதி அமைச்சக அறிவிக்கை எக்ஸ்சேஞ்சோடு நிற்கவில்லை. மெய்நிகர் சொத்துகளையும், அவற்றைக் கட்டுப்படுத்த உதவும் கருவிகளையும் பாதுகாத்து வைப்பதும் நிர்வகிப்பதும் அதில் இருக்கிறது. வாடிக்கையாளர் காயினுக்கான சீட்டைக் கையில் வைத்திருப்பவர் அதற்குள் வராமல் வேறு யார் வருவார்கள்? பதிவு செய்யாமல் இந்தியாவில் வியாபாரம் பார்த்ததற்கு 2024-ல் பைனான்ஸ் (Binance) என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுக்கே ரூ.18.82 கோடி அபராதம் விழுந்தது. விசாரணையில் கேட்டால் 'பதிவு இல்லை' என்ற உண்மையைச் சொல்லுங்கள், பொய்க் கடிதம் எதுவும் கொடுக்க வேண்டாம். பதிவு முடியும் வரை புது வாடிக்கையாளர் சேர்ப்பதை நிறுத்துங்கள்.

பணம் கொடுப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பொது வாலட்டில் கிடக்கும் மற்ற வாடிக்கையாளர் காயினிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு அப்புறம் நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைப்பீர்கள். நான் சொன்ன அதே வசீர்எக்ஸ் வழக்கில் நீதிமன்றம் ஏற்காதது இதைத்தான்: ஒருவர் காயினைக் கொண்டு இன்னொருவர் நஷ்டத்தை ஈடுகட்டுவது. கம்பெனியின் சொந்தப் பணத்தில், அதுவும் போதாவிட்டால் உங்கள் வீட்டுப் பணத்தில் யுஎஸ்டிடி வாங்குங்கள். வாங்கும்போது 1 சதவீத டிடிஎஸ்ஸைக் கவனிக்கச் சொல்லி ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள். காயினாகப் போனதைக் காயினாகவே கொடுங்கள். ரூபாயாகக் கொடுத்தால் எந்த நாள் விலை, இது விற்பனையா, வரி யாருக்கு என்று புதுச் சண்டை ஆரம்பிக்கும். அவர் எழுதிக் கொடுக்கும் முகவரிக்கு முதலில் 10 யுஎஸ்டிடி அனுப்பி, வந்துசேர்ந்ததை அவர் எழுத்தில் உறுதிசெய்த பிறகு மீதியை அனுப்புங்கள்.

சமரசத்தை வெள்ளைத்தாளில் எழுதி முடிக்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் லோக் அதாலத்தில் வழக்குக்கு முந்தைய மனுவாக வைத்து முடித்தால் அது சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதன் நகலை விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். டிசைனர் வாட்ஸ்அப்பில் எழுதியதை அழிக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம், மன்னிப்புக் கேட்கும் வரி வேண்டாம். அந்த ஒரு வார்த்தைக்காக முறிந்துபோன சமரசங்கள் உண்டு. இன்னொன்று, 'நீயும் வரி கட்டாமல்தானே கூலி வாங்குகிறாய், வருமான வரிக்குச் சொல்லவா' என்று பேச்சுவார்த்தையில் வாய் தவறியும் சொல்லாதீர்கள். அது ரெக்கார்ட் ஆனால் மிரட்டிப் பறித்தல் என்று உங்கள் மேல் இன்னொரு பிரிவு ஏறும்.

காரைக்கால்காரரிடமிருந்து வசூலிக்க ஒப்பந்தச் சட்டம் 72 போதும்: தவறுதலாக வந்ததைத் திருப்பித் தர வேண்டும். அவருக்கு நோட்டீஸ் இந்த வாரமே போகட்டும், மூன்று வருடக் காலவரம்பு ஓடத் தொடங்கிவிட்டது. நோட்டீஸில் 'திருட்டு' என்ற சொல் வரக் கூடாது. உங்கள் ஆப்தான் அது அவர் பணம் என்று அவருக்குக் காட்டியது. அவர் கணக்கில் வேறு இருப்பு இருந்தால், உங்கள் சேவை விதிமுறையில் இடமிருந்தால் மட்டும் அந்த 6,200 அளவுக்குப் பிடித்து வையுங்கள். இல்லையென்றால் தொடாதீர்கள், காரைக்காலிலிருந்து இரண்டாவது புகார் வரும். நண்பர் மேல் நஷ்டஈடு கேட்பதை டிசைனர் விவகாரம் முடிந்த பிறகு பேசலாம். அப்போது பங்குதாரர் ஒப்பந்தத்தின் நகலோடும் பேக்கப் ஏற்றிய நாளின் லாக்கோடும் வாருங்கள்.