கூத்து வாத்தியார் சொன்னபடி வராதது ஏன்?

டீச்சர், ஜூலையில் உங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெருக்கூத்து சொல்லித்தர ஒப்புக்கொண்டவர் இரண்டு முறை வரவில்லை என்பதற்காக, அவருக்கு அக்கறை இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். உங்கள் செய்யாறு பக்கம் பங்குனியில் தொடங்கும் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து ஆடி வரை ஓடும். வருஷச் சம்பாத்தியத்தில் பெரும்பங்கு அந்த மாதங்களில்தான். விடிய விடிய ஆடி, அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு பஸ் பிடிக்கிற ஆளைக் காலை பத்து மணி வகுப்புக்குக் கூப்பிட்டால் எப்படி?

ஐப்பசி, கார்த்திகையில் கேட்டுப் பாருங்கள். மழைக்காலம், ஆட்டம் குறைவு. மிருதங்கக்காரரையும் முகவீணை என்கிற சின்ன ஊதுகுழல் வாசிப்பவரையும் சேர்த்தே அழையுங்கள். செல்போனில் பாட்டைப் போட்டு அடவு, அதாவது ஆட்ட அசைவுகள், பழகுவது வீண். பிள்ளைகள் முதல் நாளே கிரீடம், தோளில் கட்டும் புஜக்கட்டை கேட்பார்கள். சுற்றும்போது கால் நிலைக்கட்டும், அப்புறம் கட்டலாம்.

பணத்துக்கு வருவோம். பொன்னாடையும் சான்றிதழும் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு ராத்திரி ஆட்டத்தில் அவருக்கு வரும் பங்கை விசாரித்து, அதற்குக் குறையாமல் அன்றன்றே கையில் கொடுங்கள். பயிற்சி முடியும் கடைசி நாள் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்தைப் பள்ளிக்குள் வைக்காமல் ஊர்ப் பொதுத்திடலில் வையுங்கள்; சாப்பாடு, பந்தல் செலவை ஊர்க்காரர்களிடம் தைரியமாகக் கேட்கலாம்.