ஐசன்ஸ்டைனின் 'வேலைநிறுத்தம்': மாணவர்களுக்கு அந்த மாட்டுக் காட்சி மட்டும் போதுமா?

போதாது. வகுப்பில் நேரம் இல்லை என்பதால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைனின் இந்த மௌனப் படம் 1925இல் வந்தது. வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் சுடப்படுவதோடு மாட்டை அறுப்பதையும் மாற்றி மாற்றிக் காட்டும் அதன் கடைசிச் சில நிமிடங்களை மட்டும் வெட்டிக் காட்டினால் அதிர்ச்சிதான் மிஞ்சும், காரணம் புரியாது.

மொத்தம் ஆறு பாகம். முதல் பாகத்தில் ஆலை நிர்வாகத்தின் உளவாளிகளைக் காட்டுங்கள். நரி, ஆந்தை, குரங்கு என்று விலங்குப் பெயர்களோடு அறிமுகமாகிறார்கள். விலங்கு கடைசியில் திடீரென வந்து குதிக்கவில்லை. இரண்டாம் பாகத்தில் 25 ரூபிள் விலையுள்ள மைக்ரோமீட்டர் என்ற அளவுக் கருவி காணாமல் போகிறது. தொழிலாளிக்கு அது மூன்று வாரக் கூலி. திருட்டுப் பழி விழுந்தவர் ஆலைக்குள்ளேயே தூக்கில் தொங்குகிறார். வேலைநிறுத்தம் வெடிப்பது அங்கேதான். மூன்றாம் பாகத்தில் எட்டு மணி நேர வேலை, 30 சதவீதக் கூலி உயர்வு என்று கோரிக்கைத் தாள் போகிறது. பங்குதாரர்கள் எலுமிச்சை பிழிந்து குடித்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் அந்தத் தாளாலேயே தன் பூட்ஸைத் துடைக்கிறார். என்னைக் கேட்டால் படத்தின் மிகக் கொடூரமான ஷாட் இதுதான். இதில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

இதற்குப் பிறகு ஆறாம் பாகத்தை முழுதாகப் போடுங்கள். சுடப்படும் கூட்டத்துக்கு நடுவே மாட்டை அறுக்கும் ஷாட்களை ஏன் செருகினார் என்று ஐசன்ஸ்டைனே எழுதியிருக்கிறார்: துணை நடிகர்கள் சாவதுபோல் நடித்தால் பொய்யாகத் தெரியும். சொந்த மாட்டை அறுத்துப் பழகிய விவசாயியிடம் இந்த உத்தி எடுபடாது என்றும் அவரே ஒப்புக்கொள்கிறார்.

பிரச்சாரப் படம்தானே என்பார்கள். ஆமாம், லெனின் மேற்கோளோடுதான் தொடங்குகிறது, எதையும் ஒளிக்கவில்லை. ஒளித்துப் பிரச்சாரம் செய்யும் படங்களை ரசிப்பவர்கள் இதை மட்டும் குறை சொல்வதை ஏற்க முடியவில்லை.

வேகத்தையும் கவனியுங்கள். ஆட்கள் துள்ளித் துள்ளி நடந்தால் உங்கள் பிரதி வினாடிக்கு 24 ஃபிரேமில் (தனித்தனிப் படங்கள்), அதாவது எடுத்ததைவிட வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம். கணினியில் வீடியோ ஓட்டும் விஎல்சி மென்பொருளில் வேகத்தை 0.75 ஆக்கினால் 18 ஃபிரேம் வரும். இயல்பாக நடந்தால் தொடாதீர்கள். வேகம் குறைத்தால் இசை இழுபடும், சத்தத்தை அணைத்துவிடுங்கள். மௌனப் படம் என்பதால், யார் யாரோ பிற்பாடு தங்களுக்குத் தோன்றியபடி ஒட்டிய இசைதான் பல பிரதிகளில் இருக்கிறது. சோகப் பியானோவை ஏற்றி எடிட்டிங்கின் தாளத்தையே கொன்றுவிடுகிறார்கள்.

மாட்டை அறுப்பது நிஜம். மாணவர்களிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், பார்க்க முடியாதவர்கள் வெளியே போகட்டும்.